ஸ்லாப்பில் வந்த ரோமக் காசு: உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்

அட்டனிலிருந்து:

லண்டனில் இருக்கும் தங்கச்சி மகன் போன வருடம் ஒரு ரோமச் செம்புக் காசு அனுப்பினான். நான் வரலாறு படிப்பிக்கிறேன். பிள்ளைகள் கையில் வைத்துப் பார்க்கட்டும் என்றுதான் கேட்டிருந்தேன். வந்ததோ பிளாஸ்டிக் ஸ்லாப்புக்குள், அதாவது காசுக்குத் தரம் போடும் நிறுவனம் ஒட்டி மூடித் தரும் பெட்டிக்குள், மூடிய காசு. உள்ளே இருந்த சீட்டில் 'இரண்டாம் கான்ஸ்டான்டியஸ், கி.பி. 337–361' என்று பேரரசரின் பெயரை அச்சிட்டு, அச்சுக்கு (காசு எவ்வளவு நன்றாக அடிபட்டிருக்கிறது என்பதற்கு) 5க்கு 4, மேற்பரப்புக்கு 5க்கு 4 என்று புள்ளியும் போட்டிருந்தார்கள். பெரிய நிறுவனம் பார்த்துக் கொடுத்தது, இனி நமக்கென்ன வேலை என்று நினைத்துவிட்டேன்.

வகுப்பில் பூதக்கண்ணாடியோடு சுற்றுக்கு விட்டேன். அந்தப் பேரரசரின் வேறு காசுகளின் படங்களையும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருந்தேன். பின் வாங்கில் இருந்த பிள்ளை ஒன்று எழும்பி, "சேர், படத்தில எல்லாம் தலையில முத்துப் பட்டி கட்டியிருக்கு. இவர் தலையில ஒண்ணுமே இல்லையே" என்றது.

வாங்கிப் பார்த்தேன். வெறுந்தலை, பேரரசருக்குரிய முத்துப் பட்டி இல்லை. நெற்றிக்கு மேல் வாரிவிட்ட முடி மட்டும்தான். பெயருக்குப் பின்னால் பேரரசர் என்றால் அவருடைய பட்டத்தின் லத்தீன் சுருக்கம் 'பி எஃப் ஆக்' (P F AVG) என்று வர வேண்டும். இதில் தேய்ந்த விளிம்போரம் ஓர் 'என்' (N), ஓர் 'ஓ' (O), அப்புறம் பாதி 'பி' (B). 'நோப் கேஸ்' (NOB CAES), அதாவது சீசர் என்ற இளவரசுப் பட்டத்தின் தொடக்கம் அது.

ஆகவே இவர் கான்ஸ்டான்டியஸ் காலஸ். பேரரசரின் சித்தப்பா மகன், பெயரும் ஒன்றே. 351இல் பேரரசரே இவரைச் சீசர் ஆக்கித் தன் சகோதரி கான்ஸ்டான்டினாவையும் கட்டிக் கொடுத்தார். 354இல் அதே பேரரசரின் ஆணைப்படி போலா நகருக்குப் (இன்றைய குரோஷியாவில்) பக்கத்தில் தலை வெட்டப்பட்டார். இவர் முகத்துக்கு மேல் கொல்லச் சொன்னவரின் பெயரை ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். விலையில் பெரிய வித்தியாசம் வராது என்கிறார்கள். இருக்கட்டும், எனக்கு மனம் ஆறவில்லை.

பின்பக்கம் விழுந்த குதிரைவீரனை ஈட்டியால் குத்தும் போர்வீரன், சுற்றிலும் 'ஃபெல் டெம்ப் ரெபராட்டியோ', நல்ல காலம் திரும்பியது என்ற பொருளில். 348இல் தொடங்கி மூட்டை மூட்டையாக அடித்த வகை. அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் வழக்கமான பெயரைப் போட்டுவிட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

தரம் போட்டவர்களுக்குப் படத்தோடு எழுதினேன். காசைத் திருப்பி அனுப்பினால் பார்ப்பார்களாம், செலவு நம்முடையதாம், ஆளை அடையாளம் சொல்வது வெறும் கருத்துத்தானாம். இங்கிருந்து அனுப்புவதும் லேசில்லை. இலங்கையின் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2க்கு முந்திய பொருளை நாட்டுக்கு வெளியே அனுப்ப அனுமதிப்பத்திரம் வேண்டும்.

வேறு யாருக்காவது இப்படி நடந்ததா?

மஸ்கெலியாவிலிருந்து:

என் காசில் பெயர் சரிதான் சேர், மேற்பரப்பில்தான் அடி. சீட்டில் 5க்கு 5. ஆனி ஆடி மழையில் எங்கள் வீட்டுச் சுவரே வியர்க்கும். ஒரு நாள் பார்த்தால் அரசரின் காதோரம் வெளிர்பச்சைப் புள்ளி, கடுகு அளவு. பழங்காசின் மேல் படியும் நல்ல களிம்பு என்றால் கெட்டியாக வழவழவென்று இருக்கும். இது மாவு போல உதிர்ந்து ஸ்லாப்பின் அடியில் விழுந்து கிடந்தது. செம்புக்குள் ஒளிந்திருக்கும் குளோரைடு உப்பு ஈரக் காற்று பட்டதும் வேலையைக் காட்டுகிறது, வெண்கல நோய் என்பார்கள். ஸ்லாப்புக்குள் காற்றே போகாது என்று நம்பியது என் பிழை.

மூடி வைத்தால் காசு போய்விடும், உடைத்தால் தரம் போய்விடும். இரண்டு இரவு யோசித்துவிட்டு, இரும்பறுக்கும் வாளால் ஓரத்தை அறுத்துத் திறந்தேன். காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறப் போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி ஒன்றரை மாதம். பிறகு நன்றாகக் காயவைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடும் டப்பாவில் வைத்திருக்கிறேன். காதோரம் ஒரு குழி நின்றுவிட்டது. புதுப் பச்சை இன்னும் வரவில்லை, வாரம் ஒரு தடவை பார்க்கிறேன்.

மாத்தளையிலிருந்து:

என் கதை வேறு. வெளிநாட்டு ஏலத்தில் நண்பர் வாங்கிய சின்னக் காசு, சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லை. சீட்டில் 'ரோம், அடையாளம் தெரியாதது', அச்சுக்கு 5க்கு 1. எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடுகள். பார்த்தவுடனே எனக்குத் தெரிந்தது, மாத்தறைப் பக்கம் நைமனையில் புதையலாகக் கிடைத்த வகை அது. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டு ரோமச் செம்புக் காசுகளைப் பார்த்து நம் தீவிலேயே செய்தவை. லத்தீன் தெரியாத ஒரு கை, சில்லறைத் தேவைக்காக, பார்த்ததைப் பார்த்தபடி வெட்டியிருக்கிறது. அதை ரோம அக்கசாலையின் அளவுகோலால் அளந்து 1 போடுவது எந்த நியாயம்? அது கெட்டுப்போன ரோமக் காசு அல்ல, நல்ல இலங்கைக் காசு. இந்த ஊர்க் காசு தெரிந்த ஒருவரிடம் காட்டியிருந்தால் போதும்.

அட்டனிலிருந்து:

இரண்டு பேருக்கும் நன்றி. மஸ்கெலியாக்காரர் எழுதியதைப் படித்ததும் ஓடிப்போய் என் காசை எடுத்துப் பார்த்தேன், பச்சை ஒன்றும் இல்லை. ஆனாலும் தவணை விடுமுறைக்கு முன் உடைக்கப் போகிறேன். வகுப்பிலேயே, அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. காலஸ் என்று புதுச் சீட்டு எழுதப்போவதும் அந்தப் பிள்ளைதான்.