புதுப்பிப்பு: கனவில் கத்த முடியாத தங்கச்சி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து முன்பு ஒரு கேள்வி கேட்டிருந்தேன். நைட் ஷிப்ட் முடிந்து வந்து தூங்கும் என் தங்கச்சிக்கு யாரோ நெஞ்சில் ஏறி உட்காருவது போலவும், கத்தினால் சத்தமே வராதது போலவும் கனவு வருகிறது, அதற்கு என்ன அர்த்தம் என்று. பலர் அமுக்குவான் பேய் என்றீர்கள். இங்கே மலாய்க்காரர்களும் ‘கெனா திண்டிஹ்’ (மேலே ஏறி அமுக்கப்படுவது) என்று சொல்வார்கள்.

அம்மா மாரியம்மன் கோயில் திருநீறு பூசிவிட்டார். அப்புறம் கிளினிக்குக்கும் கூட்டிப்போனோம். டாக்டர் சொன்னது இது: கனவு அதிகம் வரும் தூக்கத்தை ரெம் தூக்கம் என்கிறார்கள், 1953-இல் சிகாகோவில் அடையாளம் கண்டது. அப்போது கனவில் ஓடுவதை உடம்பும் செய்துவிடாதபடி மூளை தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. அந்தத் தளர்ச்சி விலகுவதற்குள் விழிப்பு வந்தால் கண் மட்டும் அசையும், வாய் அசையாது. மூச்சு நிற்காது, மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானம் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். இதைக் கேட்டதும்தான் அவள் முகம் தெளிந்தது. செத்துவிடுவோம் என்ற பயம் அவளுக்கு அவ்வளவு இருந்திருக்கிறது, பாவம்.

ஷிப்ட் மாறி மாறி வருவதும் மல்லாந்து படுப்பதும் இதைக் கூட்டும். இப்போது ஒருக்களித்துப் படுக்கிறாள், ஜன்னலுக்குக் கனமான திரை போட்டிருக்கிறோம். இன்னும் வருகிறது, ஆனால் குறைந்திருக்கிறது. வந்தால் விரல் நுனியை அசைக்கப் பார்க்கிறாள்.

பகலிலும் அடக்க முடியாத தூக்கம் வந்தாலோ, சிரிக்கும்போது முட்டி தளர்ந்தாலோ அது வேறு நோயாக இருக்கலாம். அப்படி யாருக்காவது இருந்தால் தயவுசெய்து டாக்டரைப் பாருங்கள்.