ரத்தம் அடங்கிவிட்டது, மூட்டு அடங்கவில்லை: உங்கள் அனுபவம் என்ன?

தாராவி மகள்:
அம்மாவுக்கு முடக்குவாதம், ஆறாவது வருடம். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. பரிசோதனைகள் இரண்டும் சரியாகிவிட்டன. ஆனாலும் விடியற்காலை நான்கு மணிக்கு இட்லி ஊற்றக் கரண்டி பிடிபடவில்லை. விரல்கள் பிரிய ஆறாகிறது. போன வாரம் டாக்டர் அம்மாவின் மணிக்கட்டில் என் கட்டைவிரலை வைத்து அழுத்தச் சொன்னார். எலும்பு தட்டுப்படவே இல்லை. பிசைந்த மாவைத் தொட்டதுபோல் இருந்தது. "நீர் மட்டுமில்லை, மூட்டின் உட்சவ்வே தடித்திருக்கிறது. அதிலுள்ள ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் இன்னும் அடங்கவில்லை" என்றார். அந்த மெத்து இன்னும் என் விரலிலேயே இருக்கிறது.

மாட்டுங்காவாசி:
இதை ஏற்க முடியவில்லை, அம்மா. மூட்டைத் தாக்குவது நோய் எதிர்ப்புச் செல்கள். ஃபைப்ரோபிளாஸ்ட் வெறும் இணைப்புத் திசுச் செல். என் அப்பாவுக்கும் இதே நோய்தான்; எதிர்ப்புச் செல்களை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்திலேயே வீக்கம் வடிந்தது. ஒன்று சொல்கிறேன், அது வாரம் ஒருமுறை மாத்திரை. அப்பா தினமும் விழுங்கிவிட்டார். வாயெல்லாம் புண்ணாகி, தண்ணீர்கூட இறங்காமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அட்டையின் மேல் கிழமையைப் பேனாவால் எழுதிவையுங்கள். கூடவே தரும் ஃபோலிக் அமில மாத்திரையை விட்டுவிடாதீர்கள். ரத்த அணுக்கள், கல்லீரல் பரிசோதனைகளைத் தள்ளிப்போடாதீர்கள். மாத்திரைப் பெட்டி உங்கள் கையில் இருக்கட்டும், உங்கள் அம்மா கையில் வேண்டாம்.

பரேல் ஆய்வுக்கூடம்:
ஐயா, அந்த 'வெறும்' எனக்கு உறுத்துகிறது. மூட்டு மாற்று அறுவையில் எடுத்த சவ்விலிருந்து இச்செல்களை வளர்த்திருக்கிறேன். எதிர்ப்புச் செல்கள் சில வாரங்களில் வளர்ப்புத் தட்டிலிருந்து மறைந்துவிடும். இவை மட்டும் தறி நாடாபோல் நீண்டு, நெருங்கி வளர்ந்துகொண்டே இருக்கும்; அழற்சியைத் தூண்டும் ஐ.எல்.-6 புரதத்தைச் சுரக்கும், குருத்தெலும்பைக் கரைக்கும் நொதிகளையும் விடும். 2009இல் வெளியான ஓர் ஆய்வில், டி, பி எனும் நோய் எதிர்ப்புச் செல்கள் இல்லாத எலியின் தோலுக்கடியில் ஒருபக்கம் நோயாளியின் ஃபைப்ரோபிளாஸ்டுகளோடு குருத்தெலும்பும், மறுபக்கம் குருத்தெலும்பு மட்டுமாகவும் வைத்தார்கள். இச்செல்கள் ரத்தம் வழியே போய் மறுபக்கத்தையும் அரித்தன! இன்றைய மருந்துகள் பெரும்பாலும் எதிர்ப்புச் செல்களையும் அவற்றின் சமிக்ஞைகளையுமே குறிவைக்கின்றன. உங்கள் அப்பா தேறியது மகிழ்ச்சி. இந்தச் சகோதரியின் அம்மா தேறாததற்கு அவர் டாக்டர் சொன்னது காரணமாக இருக்கலாம்.

தாராவி மகள்:
ஐயா, அம்மாவுக்கு அந்த மாத்திரை ஞாயிற்றுக்கிழமைதான். காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறேன். பரேல் நண்பரே, அடுத்த முறை அல்ட்ராசவுண்டில் சவ்வைப் பார்க்கச் சொல்லிக் கேட்கப்போகிறேன். அதுவரை பிடிக்கத் தோதாகக் கரண்டிக் காம்பில் பழைய வேட்டித் துணியைச் சுற்றிக் கட்டியிருக்கிறேன்.