டயாலிசிஸ் பைக்குள் டெவ் புரோட்டியேஸ் திரிந்துவிடுகிறது, உதவி தேவை

ஆய்வு மாணவன்:
வணக்கம். மூன்றாவது முறையாக இதே நிலைமை. ஹிஸ் டேக் (நிக்கலில் ஒட்டும் ஹிஸ்டிடின் வால்) உள்ள டெவ் புரோட்டியேஸை (புரதத்தைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டும் நொதி; எஸ்219வி வகை) ஈ. கோலை பாக்டீரியாவில் தயாரித்து, நிக்கல் ரெசினில் பிடித்து, அந்தப் பிடியை விடுவிக்கும் இமிடசோலை 250 மில்லிமோலார் விட்டு இறக்கினேன். ஜெல்லில் 27 கிலோடால்டன் பக்கம் ஒரே பட்டை. குழாயில் தெளிவாகத்தான் இருந்தது. 280 நானோமீட்டரில் அளந்தால் மில்லிக்கு 4 மில்லிகிராம். இமிடசோலை நீக்க இரவு முழுக்கக் குளிர் அறையில் டயாலிசிஸ் (சிறு மூலக்கூறுகள் மட்டும் வெளியேறும் சவ்வுப் பையில் இட்டு, வேறு பஃபரில் ஊறவைப்பது) வைத்தேன்: டிரிஸ் 20 மில்லிமோலார், பிஹெச் 8, உப்பு 50 மில்லிமோலார். காலையில் பையைத் தூக்கினால் திரிந்த பால் மாதிரி வெள்ளை வெள்ளையாக மிதக்கிறது. அடுத்த வாரம் என் புரதத்தின் டேகை வெட்ட இது வேண்டும்.

குளிர் அறை அக்கா:
தம்பி, பஃபரில் கிளிசரால், டிடிடி (ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்) இருந்ததா? 280இல் பிளாங்காக (பூச்சியமாக வைத்து ஒப்பிடும் திரவமாக) எதை வைத்தீர்கள்?

ஆய்வு மாணவன்:
இரண்டும் இல்லை அக்கா. பிளாங்க் வெறும் தண்ணீர்.

குளிர் அறை அக்கா:
சரி. இமிடசோலும் 280இல் கொஞ்சம் ஒளியை உறிஞ்சும். அதனால் அந்த 4 உண்மையான 4 ஆக இருக்காது. இறக்கிய அதே பஃபரைப் பிளாங்காக வையுங்கள், அல்லது பிராட்ஃபோர்டு (சாயத்தால் புரதத்தை அளக்கும் சோதனை) போடுங்கள்.

ஆனால் பெரிய காரணம் டெவ்வின் சுபாவமே. மில்லிக்கு 1 மில்லிகிராமைத் தாண்டினாலே படியப் பார்க்கும். நீங்களோ உப்பையும் குறைத்து, கிளிசராலும் இல்லாமல் விட்டிருக்கிறீர்கள். ரெசினிலிருந்து கசியும் நிக்கலும் ஹிஸ் டேகுகளை ஒன்றோடொன்று கோத்துவிடும். இது சிஸ்டீன் புரோட்டியேஸ் (சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தைக் கொண்டு வெட்டுவது) வேறு. டிடிடி இல்லாவிட்டால் ஆக்சிஜன் பட்டு வேலைத்திறன் போகும்.

இறக்கிய உடனே ஈடிடிஏ (உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் பொருள்) 2 மில்லிமோலார் சேர்த்துக் கலக்குங்கள். அப்புறம்தான் டிடிடி. மாற்றிச் செய்தால் நிக்கலோடு சேர்ந்து பழுப்பாகும். பிறகு 1 மில்லிகிராமுக்குக் கீழே நீர்த்துவிட்டு, உப்பு 200 மில்லிமோலார், கிளிசரால் 10 சதவீதம், டிடிடி 1 மில்லிமோலார் உள்ள பஃபரில் டயாலிசிஸ் வையுங்கள்.

ஒன்று மறக்க வேண்டாம்: வெட்டிய பிறகு நிக்கல் ரெசினில் டெவ்வைப் பிரிக்கப் போகிறீர்கள் என்றால், டயாலிசிஸ் பஃபரில் ஈடிடிஏ கூடாது. அது ரெசினிலிருந்து நிக்கலை உருவிவிடும்.

ஜெல் அண்ணன்:
திரிந்த பையைக் கொட்டிவிடாதீர்கள் தம்பி. சுழற்றி, மேலே நிற்கும் தெளிவை அளந்து பாருங்கள். பெரும்பாலும் அதில் வேலை செய்யும் டெவ் மிஞ்சியிருக்கும். அடியில் தங்கியதை யூரியாவில் கரைத்து மீட்க நினைக்க வேண்டாம், ஒரு வாரம் போய்விடும். கிடைப்பதை 50 சதவீதக் கிளிசராலில் மைனஸ் 20இல் வைக்கலாம். இல்லையென்றால் சிறு சிறு குழாய்களாகப் பிரித்து, திரவ நைட்ரஜனில் உறையவைத்து, மைனஸ் 80.

ஆய்வு மாணவன்:
அண்ணா, பழைய பையில் தெளிவு மில்லிக்கு 0.4 மில்லிகிராம் இருந்தது. டிடிடி சேர்த்து, என் புரதம் 50க்கு டெவ் 1 என்ற எடை விகிதத்தில் ஓர் இரவு விட்டேன்; ஜெல்லில் என் புரதத்தின் பட்டை கீழே இறங்கியிருக்கிறது. புதுத் தொகுதியை அக்கா சொன்னபடி செய்தேன். இன்று காலை பையைத் தூக்கினேன், அதன் வழியாகப் பின்னால் இருந்த பீக்கரின் எண்களை அப்படியே படிக்க முடிந்தது. இருவருக்கும் மிக்க நன்றி.