எல்இடிக்கு முன்னால் போடும் ரெசிஸ்டருக்கு என்ன பெயர்?

வணக்கம். எல்இடிக்கு முன்னால் போடும் ரெசிஸ்டரைக் கையேட்டில் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு என் பதில் இது. வந்த பெயர்களில் 'மின்னழுத்தக் குறைப்பி' எனக்குச் சரியாகப் படவில்லை. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் புதிதாகப் படிப்பவர் எல்இடிக்கு வரும் வோல்ட்டைக் குறைத்துவிட்டால் போதும் என்று நினைத்துக்கொள்வார். சிவப்பு எல்இடி எரியும்போது அதன் இரண்டு கால்களுக்கு இடையே ஏறக்குறைய 2 வோல்ட் நிற்கும்; அதற்கு மேல் கொஞ்சம் கூட்டினாலே மின்னோட்டம் எகிறிவிடும், சூடேறினால் அந்த 2 வோல்ட்டும் இறங்கி ஓட்டம் இன்னும் ஏறும். அந்த ஓட்டத்தை ஓர் எல்லைக்குள் பிடித்து வைப்பதுதான் இந்த ரெசிஸ்டரின் வேலை.

கணக்கிலேயே அது தெரிகிறது. அர்டுயினோ ஊனோ என்ற மின்னணுப் பலகையின் வெளியீட்டுக் காலில் (pin) 5 வோல்ட், எல்இடிக்கு 2 போக மீதி 3. ஓட்டம் எவ்வளவு என்பதை நாம்தான் முடிவுசெய்கிறோம்: 10 மில்லி ஆம்பியர் தாராளம். 3-ஐ 0.01-ஆல் வகுத்தால் 300 ஓம். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் வரிசையில் 270-க்கு அடுத்து 330தான், அதைப் போடலாம்; அதன் மேல் உள்ள நிறப்பட்டைகள் ஆரஞ்சு, ஆரஞ்சு, பழுப்பு. (270 போட்டாலும் 11 மில்லி ஆம்பியர்தான், ஒன்றும் ஆகாது.)

'தொடர்த்தடை' எப்படி இணைக்கிறோம் என்பதை மட்டும் சொல்கிறது. சிறு மின்னோட்டத்தைக் காட்டும் கால்வனாமீட்டரை வோல்ட்மீட்டராக்கவும் தொடரில்தான் தடை போடுகிறோம், அங்கே நோக்கமே வேறு. 'மட்டுத்தடை' பிடித்திருந்தது, ஆனால் கணிதத்தில் கலப்பெண்ணின் மட்டு (modulus) ஏற்கெனவே அந்தச் சொல்லைப் பிடித்து வைத்திருக்கிறது.

என் பரிந்துரை 'வரம்புத்தடையி'. 'தடையி' இலங்கைப் பாடநூல்களில் உள்ள சொல். பொருளுக்குத் தடையி, அதன் அளவுக்குத் தடை. நம் தமிழ்நாட்டுப் பக்கத்தில் இரண்டையும் மின்தடை என்றே சொல்லி, 'மின்தடையின் மின்தடை 330 ஓம்' என்று எழுத வேண்டியதாகிறது. மின்தடையாக்கி என்றும் இருக்கிறதுதான், ஆனால் அதன் முன்னால் இன்னொரு சொல் சேர்த்தால் மூச்சு வாங்கும். மின்னணுப் பொருள் கடைகள் உள்ள சென்னை ரிச்சி தெருவில் போய் வரம்புத்தடையி கேட்கப் போவதில்லை, அங்கே ரெசிஸ்டர்தான், இது எழுத்துக்கு.

சிஆர்2032 பட்டன் செல்லில் ரெசிஸ்டரே இல்லாமல் எல்இடி எரிகிறதே என்று கேட்கலாம். அங்கே செல்லின் உள்தடையே வரம்பு போடுகிறது, அதனால் சொல் அங்கேயும் பொருந்துகிறது. அப்புறம், கையேட்டில் இதை விளக்கும் இடத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: பக்க இணைப்பில் (parallel) நாலு எல்இடி போட்டால் ஒவ்வொன்றுக்கும் தனி வரம்புத்தடையி வேண்டும், பொதுவாக ஒன்றை வைத்தால் எதன் வோல்ட் குறைவோ அதுவே பெரும்பங்கு ஓட்டத்தை இழுத்துக்கொள்ளும்.