டி மரியாவை 64ஆவது நிமிடத்தில் எடுத்தது சரியா?

உப்புவெளி விங்கர்:
நேற்று ஏகாம்பரம் மைதானத்தில் தொடங்கிய வாக்குவாதம் அங்கே முடியவில்லை, அதனால் இங்கே இழுத்து வருகிறேன். 2022 உலகக் கிண்ண இறுதியில் பிரான்ஸுக்கு எதிராக ஆர்ஜென்டினா 2-0 என்று முன்னால் நிற்கும்போது கோச் ஸ்கலோனி விங்கர் டி மரியாவை எடுத்துவிட்டு பின்வரிசை ஆள் அகுன்யாவை இறக்கினாரே, கிண்ணம் கைநழுவப் பார்த்ததே அதனால்தான். அந்த ஆட்டமே இடது ஓரத்தில்தான் நடந்தது. அன்று டி மரியாவை இடது கோட்டோடு ஒட்டி நிற்க வைத்தார்கள். எதிரே பிரான்ஸின் வலது பெக் கூண்டே, அவர் அடிப்படையில் நடுப் பின்வரிசை ஆள். உதவிக்கு வரவேண்டிய டெம்பெலேக்கோ தடுக்கவே வராது. 21ஆவது நிமிடத்தில் அவர்தான் பின்னால் இருந்து டி மரியாவை விழுத்தி பெனால்டி கொடுத்தார். 36இல் மெஸ்ஸி ஒரு தட்டு, அல்வாரெஸ், மக் அலிஸ்டர், குறுக்கே டி மரியா, கோல். முதல் பாதியில் பிரான்ஸ் ஒரு ஷாட்கூட அடிக்கவில்லை. இப்படி ஆடுகிற ஆளை யாராவது எடுப்பார்களா?

கிண்ணியா கீப்பர்:
தம்பி, ஹைலைட்ஸ் பார்த்துவிட்டுக் கதைக்காதீங்க. மனிசனுக்கு 34 வயது, காயத்தில் இருந்து வந்தவர். காலிறுதியில் நெதர்லாந்தோடு மேலதிக நேரத்தில்தான் இறங்கினார், அரையிறுதியில் இறங்கவே இல்லை. ஒரு மணித்தியாலம் ஓடியதே பெரிய விசயம். அதோடு பிரான்ஸ் கோச் தெஷாம் 41ஆவது நிமிடத்திலேயே டெம்பெலேயையும் ஜிரூவையும் எடுத்துவிட்டு கோலோ முவானியையும் துராமையும் போட்டுவிட்டார், நீங்க சொல்கிற ஓட்டை அப்போதே அடைபட்டுவிட்டது. இடது பெக் டாக்லியாஃபிகோவுக்கு முன்னால் அகுன்யா நின்றால் அந்தப் பக்கம் இரட்டைப் பூட்டு. 2-0இல் எந்தக் கோச்சும் அதைத்தான் செய்வார்.

உப்புவெளி விங்கர்:
பூட்டுப் போட்டது சரி நானா, ஆனால் பந்து வெளியே போகிற வழியையும் சேர்த்தல்லவா பூட்டினார். டி மரியா கோட்டில் நிற்கும்வரை கூண்டே மேலே ஏறப் பயப்படுவார். பின்வரிசை நெருக்கடியில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இடது மூலைக்கு அடிக்கலாம், அங்கே பந்தைப் பிடித்து வைத்து ஒரு ஃபவுலாவது வாங்கித் தர ஆள் இருந்தார். அவர் போன பிறகு அடித்த பந்தெல்லாம் திரும்பி வந்தது.

பாலையூற்று பத்து:
இரண்டு பேரும் ஒரே ஆளைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். 90 நிமிடத்தில் ஸ்கலோனி செய்த ஒரே மாற்றம் அதுதான், பிரச்சினையே அங்கேதான் இருக்கிறது. தெஷாம் 71ஆவது நிமிடத்துக்குள் நாலு பேரை மாற்றிவிட்டார். கிரீஸ்மனையே எடுத்துவிட்டு கோமனைப் போட்டார், கமாவிங்காவை இடது பெக்கில் விட்டார். அதற்குப் பிறகு பிரான்ஸின் நடுவில் சுவாமெனியும் ரபியோவும் மட்டும்தான், மற்றவர்கள் எல்லாம் முன்னால். அந்த வெற்றிடத்தில் ஓடப் புதுக்கால் வேண்டும். ஆர்ஜென்டினாவின் டி பாலும் அல்வாரெஸும் தொடக்கத்தில் இருந்து துரத்தித் துரத்தி ஓய்ந்துபோயிருந்தார்கள். பரேடெஸும் லவுட்டாரோவும் வந்ததோ மேலதிக நேரத்தில், 100ஆவது நிமிடமும் தாண்டிய பிறகு!

கிண்ணியா கீப்பர்:
இது கொஞ்சம் நியாயமான கதை. ஆனால் கோல் எப்படி விழுந்தது என்றும் பாருங்க. நம்ம பின்வரிசை ஒட்டமெண்டி கோலோ முவானியிடம் ஏமாந்து இழுத்து விழுத்தினார், 80இல் எம்பாப்பே பெனால்டியில் கோல். அடுத்த நிமிடமே கோமன் மெஸ்ஸியின் காலில் இருந்து பந்தைப் பிடுங்க, அது ரபியோவிடம் போய், எம்பாப்பே துராமோடு ஒரு தட்டுத் தட்டி, நிலத்தில் விழவிடாமல் அடித்தார். அது ஆர்ஜென்டினாவின் வலது பக்கம். இடது கோட்டில் டி மரியா நின்றிருந்தால் அங்கே என்ன செய்திருப்பார், கை தட்டியிருப்பாரா?

உப்புவெளி விங்கர்:
மெஸ்ஸியிடம் பந்து பறிபோகும்போது அவருக்குக் கொடுக்க ஆள் எங்கே நின்றது என்று திரும்பப் போட்டுப் பாருங்க நானா. நெதர்லாந்தோடும் இதே கதைதான். அன்று லிசான்ட்ரோவோடு சேர்த்து மூன்று நடுப் பெக், 2-0. பிறகு பின்னால் பதுங்க, நெதர்லாந்தின் வெக்ஹோர்ஸ்ட் 83இல் ஒன்று, 90+11இல் இன்னொன்று. பதுங்கினால் அடி விழும் என்று ஸ்கலோனிக்குத் தெரியாதா?

கிண்ணியா கீப்பர்:
தெரிந்துதான் இரண்டையும் பெனால்டியில் வென்றார். 3-3இல், 123ஆவது நிமிடத்தில் கோலோ முவானி தனியாக வந்து அடித்ததை எமிலியானோ மார்டினெஸ் இடது காலை நீட்டித் தடுத்தாரே, அதைப் பற்றி ஒருத்தரும் கதைக்கவில்லை. கீப்பர் என்றால் எப்போதும் இப்படித்தான்.

உப்புவெளி விங்கர்:
அவரைத் தனியாக வரவிட்டதே 64இல் செய்த வேலையின் மிச்சம்தான்.

பாலையூற்று பத்து:
மச்சான், அந்த நேரத்தில் ஆறு மாற்றமும் முடிந்துவிட்டது. களத்தில் முன்வரிசை ஆள் டிபாலாகூட நிற்கிறார். அதற்கும் டி மரியாவா?