மனித உரிமை வக்கீல் அமைச்சரானால் என்ன ஆகும்? டுல்லா ஒமர் பற்றி ஒரு சந்தேகம்

ரைலண்ட்ஸ் குமரன்:

எல்லோருக்கும் வணக்கம். ஊர் மதுரைப் பக்கம், கேப் டவுன் வந்து பதினொரு வருஷம் ஆகிறது. மகள் வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழகத்தில் சட்டம் முதல் வருஷம் படிக்கிறாள். அங்கே சட்டத் துறையில் டுல்லா ஒமர் பெயரில் ஒரு ஆய்வு நிறுவனமே இருக்கிறது, ஆனால் யார் எவர் என்று நான் கேட்டுக்கொண்டதே இல்லை. போன வெள்ளிக்கிழமை சிவன் கோயில் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர்தான் சொன்னார், "அவர் இங்கே நம்ம ரைலண்ட்ஸில்தானே இருந்தார், டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்று நகரத்துக்குள் எல்லா இனத்தவரும் வாழ்ந்த பகுதி, அதை வெள்ளைக்காரப் பகுதி என்று அறிவித்த பிறகு இங்கே வந்தவர்" என்று.

பிறகு தேடிப் படித்தேன். 1934-ல் பிறந்தவர், 1957-ல் சட்டப் படிப்பை முடித்தவர், ராபன் தீவுச் சிறையில் இருந்த அரசியல் கைதிகளுக்காக அலைந்தவர், மண்டேலாவின் வக்கீல்களில் ஒருவர். அவரையும் விசாரணையில்லாமல் உள்ளே வைத்திருக்கிறார்கள். நிறவெறி ஆட்சி போனதும், 1994-ல் நேராக தென்னாப்பிரிக்காவின் நீதி அமைச்சர். என் சந்தேகம் இதுதான்: முப்பது வருஷமாக அரசாங்கத்தை எதிர்த்தே வாதாடிய மனுஷர் அதே அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்ததும் என்ன செய்தார்? மாறிப்போனாரா? மகளின் கட்டுரையும் ஏறக்குறைய இதைப் பற்றித்தான். கூகுள் சொல்வது வேண்டாம், அந்தக் காலத்தில் இங்கே இருந்தவர்கள் சொல்லுங்கள்.

சாட்ஸ்வர்த் வாத்தியார்:

தம்பி, முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள், அவர் உயிரோடு அமைச்சரானதே பெரிய விஷயம். எண்பதுகளின் கடைசியில் ராணுவத்தின் ரகசியப் பிரிவு ஒன்று, சிசிபி என்பார்கள், அவரைக் கொல்லத் திட்டம் போட்டது. கேப் டவுனின் கேப் பிளாட்ஸ் பகுதி ரவுடி ஒருவனைப் பிடித்து மகரோவ் துப்பாக்கி கொடுத்துச் சுடச் சொன்னார்கள், அது நடக்கவில்லை. அவருக்கு இதய நோய் உண்டு, மாத்திரை சாப்பிடுவார். சரி, அந்த மாத்திரைக்குப் பதிலாக விஷத்தை வைத்துவிடலாம் என்று அடுத்த யோசனை. அதுவும் நடக்கவில்லை. காலையில் மாத்திரை டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் அந்த மனுஷருக்கு என்ன தோன்றியிருக்கும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

இப்போது கேளுங்கள். 1995-ன் 34-ஆம் எண் சட்டம், அதாவது நிறவெறிக் காலத்துக் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தை உண்டாக்கிய சட்டம், அதை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். அரசியல் காரணத்துக்காகச் செய்த குற்றத்தை முழுதாக ஒப்புக்கொண்டால், வழக்கும் தண்டனையும் இல்லாமல் பொது மன்னிப்புக் கேட்கலாம் என்று அதில் வழி இருக்கிறது. அந்த வழியில் வந்து நின்றவர்களில் சிசிபி ஆட்களும் உண்டு, ஒமரைக் கொல்லப் பார்த்ததற்கும் சேர்த்து! தன்னைக் கொல்ல வந்தவனுக்கு வாசலைத் தானே கட்டிக்கொடுத்த மாதிரி. ஏழாயிரத்துக்கும் மேல் மனு வந்தது, 849 பேருக்குக் கிடைத்தது என்பார்கள்.

ஆனால் எங்கள் டர்பன் பக்கம் இதை எல்லோரும் கைதட்டி வரவேற்றார்கள் என்று எழுதிவிட வேண்டாம். கிரிஃபித்ஸ் ம்செங்கே என்று ஒரு வக்கீல், ஒமர் செய்த அதே வேலையை இங்கே செய்தவர். 1981 நவம்பரில் உம்லாசியில் கத்தியால் குத்திக் கொன்றார்கள். அவர் மனைவி விக்டோரியாவும் வக்கீல், 1985-ல் அவரையும் வீட்டு வாசலிலேயே கொன்றார்கள். அந்தக் குடும்பமும் போலீஸ் காவலில் செத்த போராளி ஸ்டீவ் பீக்கோவின் குடும்பமும் இந்த மன்னிப்பு செல்லாது என்று அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனார்கள், 1996-ல் தோற்றார்கள். மறு வருஷம் கிரிஃபித்ஸ் கொலைக்கு மன்னிப்பும் கொடுத்தாகிவிட்டது. நஷ்ட ஈடு? 2003-ல் ஆளுக்கு 30,000 ராண்ட், ஒரே ஒரு தடவை.

ஒமர் தனக்கு வந்ததை மன்னிக்கலாம், அது அவர் பெருந்தன்மை. ம்செங்கே வீட்டுக்கு வந்ததை மன்னிக்க அவர் யார் என்று அப்போது பள்ளி ஸ்டாஃப் ரூமில் நாங்கள் கத்திக்கொண்டது இன்னும் காதில் இருக்கிறது. எனக்கு இன்றைக்கும் இரண்டு மனசுதான்.

கோட்டுப்போட்டவன்:

வாத்தியார் ஐயா சொன்னதை விட்டுவிடுகிறேன். நான் கிரிமினல் வழக்கு பார்க்கிறவன், தினமும் கோர்ட்டில் ஒமரோடுதான் குடித்தனம் நடத்துகிறேன் என்று சொல்லலாம், இரண்டு விதமாக.

ஒன்று, மரண தண்டனை. 1995-ல் மக்வன்யானே வழக்கு. ஜோகன்னஸ்பர்க் பக்கத்து விட்வாட்டர்ஸ்ராண்டின் அட்டர்னி ஜெனரல், அதாவது அரசுத் தரப்புத் தலைமை பிராசிக்யூட்டர், தூக்கு வேண்டும் என்று வாதாடுகிறார், ஒமர் இருந்த மத்திய அரசு சார்பில் வந்த ஜார்ஜ் பீஸோஸ், மண்டேலாவுக்கு ரிவோனியா வழக்கில் வாதாடிய அதே பீஸோஸ், தூக்கு கூடாது என்கிறார். அரசாங்கத்துக்கே இரண்டு வாய்! ஜூன் 6-ஆம் தேதி தீர்ப்பு, தூக்கு போனது. ஒமர் என்ற வக்கீல் அமைச்சரான பிறகும் அப்படியே இருந்தார் என்பதற்கு இது போதும்.

இரண்டாவது கொஞ்சம் கசக்கும். தூக்கு போன பிறகு குற்றம் பெருகுகிறது என்று ஊரெல்லாம் கூச்சல். 1997-ல் அதே அமைச்சர் 105-ஆம் எண் சட்டம் கொண்டுவந்தார். திட்டமிட்ட கொலைக்கு ஆயுள், ஆயுதக் கொள்ளைக்கு முதல் தடவையே 15 வருஷம், நீதிபதி குறைக்க வேண்டுமானால் கனமான காரணம் எழுதியாக வேண்டும். ஜாமீனும் அந்த வருஷமே இறுகியது. இரண்டு வருஷத்துக்குத்தான், தற்காலிக ஏற்பாடு என்றார்கள். நீட்டி நீட்டி 2007-ல் நிரந்தரமாக்கிவிட்டார்கள். நேற்றுகூட அந்தச் சட்டத்தின் 51-ஆம் பிரிவு என்று பிராசிக்யூட்டர் வாயைத் திறந்ததும் என் கட்சிக்காரருடைய அம்மா பின் பெஞ்சில் என் முகத்தையே பார்த்தார், பத்தொன்பது வயதுப் பையன், நான் கோப்பைப் புரட்டுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

வக்கீல் ஒமர் இந்தச் சட்டத்தைப் பார்த்திருந்தால் எதிர்த்து வழக்குப் போட்டிருப்பார். அமைச்சர் ஒமருக்கு ஓட்டுப் போட்டவர்கள் கேட்டார்கள், கொடுத்தார். மகளிடம் சொல்லுங்கள், கட்டுரையை இங்கிருந்து ஆரம்பிக்கட்டும். உண்மை ஆணையத்தைப் பற்றித்தான் வகுப்பில் எல்லோரும் எழுதுவார்கள்.

பீனிக்ஸ் அக்கா:

அண்ணன்மார்களே, நீங்கள் கொலை, தூக்கு என்று பேசுகிறீர்கள். எனக்கு அந்தப் பெயர் தெரிந்தது ஜீவனாம்ச கோர்ட்டில். அவர் இருந்த காலத்தில், 1998-ல்தான் புது ஜீவனாம்சச் சட்டமும் குடும்ப வன்முறைச் சட்டமும் வந்தன. பிள்ளைக்குப் பணம் தராத அப்பனின் சம்பளத்திலிருந்தே முதலாளி பிடித்துக் கொடுக்கலாம், ஆளைத் தேடிப் பிடிக்கத் தனியாகப் புலனாய்வு அதிகாரி உண்டு என்று எழுதியிருக்கிறது. எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். காலை ஆறரைக்குக் கையில் பிரவுன் கவரும் மடியில் பிள்ளையுமாக வரிசையில் நின்று, நான்கு தடவை தேதி வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறேன். அந்த அதிகாரி முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. ஐந்தாவது தடவை சம்பளத்தில் பிடிக்க ஆர்டர் கிடைத்தது, மாதம் தவறாமல் வந்தது, மகன் படித்து முடித்தான். அதனால் திட்டவும் மனசு வரவில்லை.

ஒரு குறை உண்டு. அதே 1998-ல் ஆப்பிரிக்கர் வழக்கப்படி நடக்கும் கல்யாணத்துக்குச் சட்டம் வந்தது, நம் தாலிக்கு வரவில்லை. பதிவு செய்யும் அதிகாரம் இல்லாத ஐயர் கட்டிவைத்தால் அது சட்டப்படி கல்யாணமே இல்லை. நம் கல்யாணம் செல்லாது என்றதை எதிர்த்த போராட்டத்தில் தில்லையாடி வள்ளியம்மை ஜெயிலுக்குப் போனது 1913-ல் என்பதை யோசித்துப் பாருங்கள்.

டாக்ஸி ராஜா:

அவர் 1999-லிருந்து போக்குவரத்து அமைச்சர் என்று ஒருத்தரும் சொல்லவில்லையே! பழைய மினிபஸ் டாக்ஸியை நொறுக்கிப் புது வண்டி கொடுக்கும் திட்டம் அவர் காலத்தில் பேசிப் பேசியே ஓடியது, 2004 மார்ச்சில் புற்றுநோயில் இறந்துவிட்டார், அதற்கப்புறம்தான் வண்டிக்கு 50,000 ராண்ட் என்று நொறுக்க ஆரம்பித்தார்கள். ரகசிய ராணுவத்துக்குத் தப்பிய மனுஷர் டாக்ஸி சங்கத்துக்காரர்களிடம் மாட்டிக்கொண்டார் பாவம்.

ரைலண்ட்ஸ் குமரன்:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, உங்கள் பதிவைப் படித்ததும் என் வீட்டுக்காரி அலமாரியைத் திறந்து எங்கள் கல்யாணச் சான்றிதழை எடுத்துப் பார்த்தாள், மதுரையிலேயே பதிவு செய்தது, சரியாக இருக்கிறது. வக்கீல் சார், மகள் தலைப்பை மாற்றிவிட்டாள். அந்தப் பையன் வழக்கு எந்தத் தேதிக்குப் போயிருக்கிறது என்று கேட்கச் சொன்னாள், சொல்லலாம் என்றால் சொல்லுங்கள்.