பிறர் பொருளுக்கு அஃபிலியேட்டே விற்பனைப் பக்கம் எழுதலாமா?

காவிரிக்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். சிறு வணிகர்கள் தங்களுக்கென்று ஓர் இணையதளம் தொடங்குவது எப்படி என்பதைத் தமிழில் விளக்கும் வலைத்தளம் ஒன்றை நடத்தி வருகிறேன். தையற்கடை, மசாலாப் பொடி வியாபாரம், டியூஷன் சென்டர் என்று உள்ளூரில் தொழில் செய்பவர்களே என் வாசகர்களில் பெரும்பாலோர். இணையதளங்களை வைக்க இடம் வாடகைக்குத் தரும் ஒரு வெப் ஹோஸ்டிங் நிறுவனத்தின் அஃபிலியேட் திட்டத்தில் (நம் லிங்க் வழியாக நடக்கும் விற்பனைக்குக் கமிஷன் தரும் ஏற்பாடு) சேர்ந்து, என் கட்டுரைகளின் கீழே அவர்களுடைய லிங்கை வைத்திருக்கிறேன். அதைச் சொடுக்குபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வாங்குபவர்கள் மிகக் குறைவு. நிறுவனத்தின் விற்பனைப் பக்கம் முழுவதும் ஆங்கிலத்தில் இருப்பதும், அதில் வரும் தொழில்நுட்பச் சொற்கள் என் வாசகர்களுக்குப் பிடிபடாததும்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆகவே, அந்தப் பக்கத்தைத் தமிழாக்கம் செய்து என் தளத்திலேயே வைத்து, ‘வாங்குக’ என்ற பொத்தானை நேரே பணம் கட்டும் பக்கத்துக்கு இணைத்துவிடலாமா? அது சரியல்ல என்றால், பிறருடைய பொருளுக்கு நானே புதிதாக விற்பனைப் பக்கம் எழுதும்போது எவற்றை எழுத வேண்டும், எவற்றைத் தொடக்கூடாது? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பொதிகை:

நண்பருக்கு வணக்கம். தமிழாக்கம் செய்யும் எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, ஓர் எழுத்துப் படைப்பை மொழிபெயர்க்கும் உரிமையையும் அதன் உரிமையாளருக்கே தருகிறது. விற்பனைப் பக்கமும் யாரோ ஒருவர் உழைத்து எழுதிய எழுத்துதான். அஃபிலியேட்டாகச் சேர்ந்ததால் லிங்கையும் அவர்கள் தரும் பேனர்களையும் பயன்படுத்தும் அனுமதி கிடைக்கிறதே தவிர, அவர்களுடைய வாசகங்களை எடுத்தாளும் அனுமதி தானாகச் சேர்ந்து வருவதில்லை. அஃபிலியேட் மேலாளருக்கு எழுதிக் கேட்டால் சம்மதிக்கவும் கூடும். ஆனால் சம்மதம் கிடைத்தாலும் அந்தத் தமிழாக்கத்தால் உங்களுக்குப் பெரிய பயன் இருக்காது என்பதே என் கருத்து.

நிறுவனத்தின் பக்கம், ஹோஸ்டிங் என்றால் என்னவென்று தெரிந்து, எந்தக் கம்பெனியில் வாங்கலாம் என்று ஒப்பிட்டுப் பார்ப்பவருக்காக எழுதப்பட்டது. உங்கள் வாசகர் அந்த இடத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை. என் கடைக்கு இது தேவைதானா, மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும், அடுத்த முறை எவ்வளவு கேட்பார்கள், தளம் திறக்காமல் போனால் யாரைக் கூப்பிடுவது என்பவையே அவருடைய கேள்விகள். நிறுவனத்தின் பக்கத்தில் இவற்றுக்கு நேரான பதில் அரிதாகவே இருக்கும். நீங்கள் எழுத வேண்டிய பக்கம் அதுதான்.

விலையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹோஸ்டிங் விற்பவர்கள் பெரிய எழுத்தில் போடும் மாத விலை, பெரும்பாலும் மூன்று நான்கு ஆண்டுப் பணத்தை மொத்தமாக முன்கூட்டியே கட்டுபவருக்கு உரிய விலை. மாதம் 149 ரூபாய், 48 மாதத் திட்டம் என்று வைத்துக்கொண்டால் 7,152 ரூபாய் ஆகிறது. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1,287 ரூபாய் சேர, வாங்குபவர் கையிலிருந்து போவது 8,439 ரூபாய். நூற்றைம்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும் என்று நம்பி வந்த தையற்கடைக்காரர், பணம் கட்டும் பக்கத்தில் எட்டாயிரத்துச் சொச்சத்தைக் கண்டதும் பேசாமல் மூடிவிட்டுப் போய்விடுகிறார். உங்கள் லிங்கைச் சொடுக்கியும் வாங்காமல் போனவர்களில் பலருக்கு ஆங்கிலத்தைவிட இதுவே தடையாக இருந்திருக்கலாம். இந்தக் கணக்கை உங்கள் பக்கத்தின் மேற்பகுதியிலேயே போட்டுக் காட்டுங்கள். சலுகைக் காலம் முடிந்து புதுப்பிக்கும்போது என்ன விலை என்பதையும் அதே அளவு எழுத்தில், அதற்கு அடுத்த வரியிலேயே எழுதுங்கள். இலவச டொமைன் (தளத்தின் இணைய முகவரி) என்பது வழக்கமாக முதல் ஆண்டுக்கு மட்டுமே என்பதையும், பணத்தைத் திருப்பித் தருவார்கள் என்றாலும் டொமைனுக்கான தொகையைப் பெரும்பாலும் கழித்துக்கொண்டே தருவார்கள் என்பதையும், ‘அன்லிமிடெட்’ என்று விற்கப்படும் திட்டங்களிலும் கோப்புகளின் எண்ணிக்கைக்குப் பெரும்பாலும் ஒரு வரம்பு உண்டு என்பதையும் அந்த நிறுவனத்தின் விதிமுறைகளில் சரிபார்த்து எழுதுங்கள்.

யார் வாங்க வேண்டாம் என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து, கூகுள் மேப்பில் கடையைப் பதிந்து வைத்தாலே போதும் என்ற நிலையில் இருப்பவருக்கு ஹோஸ்டிங் இப்போது தேவையில்லை என்று எழுதினால் அந்தக் கமிஷன் உங்களுக்கு வராதுதான். ஆனால் அதைப் படித்த மற்றவர்கள், தேவை என்று நீங்கள் சொல்லும் இடத்தில் உங்களை நம்புவார்கள்.

முடிந்தால் அந்தத் திட்டத்தை நீங்களே காசு கொடுத்து வாங்கி, வேர்ட்பிரஸில் சிறு தளம் ஒன்றை அமைத்து, ஒவ்வொரு படியையும் உங்கள் திரையிலிருந்தே படமெடுத்துப் போடுங்கள். இரவு பத்து மணிக்கு அவர்களுடைய சாட்டில் ஒரு சந்தேகம் கேட்டு, எவ்வளவு நேரத்தில், எந்த மொழியில் பதில் வந்தது என்பதை எழுதுங்கள். அவர்களே எழுத முடியாத பக்கம் அது. பொத்தானைப் பொறுத்தவரை, பணம் கட்டும் பக்கத்துக்கே நேரடி லிங்கை நிறுவனம் தருமானால் அதைப் பயன்படுத்துவதில் எனக்கு மறுப்பில்லை.

வைகைவாசி:

பொதிகை அவர்கள் சொன்னவற்றோடு முழுமையாக உடன்படுகிறேன். சட்டத்தின் பக்கத்தை மட்டும் சேர்க்கிறேன். கமிஷன் பெற்றுக்கொண்டு ஒரு பொருளைப் பரிந்துரைப்பவருக்கும் இந்திய நுகர்வோர் சட்டத்தில் பொறுப்பு உண்டு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளின்படி, பரிந்துரை என்பது பரிந்துரைப்பவரின் உண்மையான கருத்தாகவும், போதிய தகவலையோ அனுபவத்தையோ அடிப்படையாகக் கொண்டதாகவும் இருக்க வேண்டும். விற்பவரோடு அவருக்குள்ள தொடர்பு வாசகர் தாமாக ஊகிக்க முடியாததாக இருந்தால், அதை வெளிப்படையாகச் சொல்லவும் வேண்டும். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு முதல்முறை 10 லட்சம் ரூபாய் வரையிலும், மறுபடி நேர்ந்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்க இடமளிக்கிறது. சொல்வதற்குமுன் உரிய முறையில் சரிபார்த்த பரிந்துரையாளருக்கு அதே பிரிவு பாதுகாப்பும் தருகிறது. ஆகவே நீங்கள் சரிபார்த்ததற்கான பில், ஸ்கிரீன்ஷாட் போன்றவற்றைப் பத்திரமாக வைத்திருங்கள்.

பொறுப்புத் துறப்பு, விளம்பரத்தில் சொல்லப்படும் செய்தி எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் இருக்க வேண்டும் என்றும் அந்த நெறிமுறைகள் கூறுகின்றன. தமிழில் பக்கம் எழுதிவிட்டு, அடியில் ஆங்கிலத்தில் ஒரு வரியைப் பொடி எழுத்தில் போடுவது போதாது. ‘இந்த லிங்க் வழியாக நீங்கள் வாங்கினால் எனக்குக் கமிஷன் கிடைக்கும்’ என்று முதல் பொத்தானுக்கு மேலேயே எழுதிவிடுங்கள்.

எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு விற்பவர்களையும் அஃபிலியேட்டுகளையும் இணைத்துவிட்ட லீட்கிளிக் என்ற நிறுவனத்தின் மீது அமெரிக்காவில் நடந்த வழக்கு நல்ல எடுத்துக்காட்டு. லீன்ஸ்பா என்ற நிறுவனத்தின் எடைக் குறைப்பு மாத்திரைகளுக்காக அஃபிலியேட்டுகள் எழுதிய பக்கங்கள், செய்தித் தளங்களைப் போலவே வடிவமைக்கப்பட்டிருந்தன. நிருபர் ஒருவர் தாமே உட்கொண்டு பார்த்ததாகவும், வாசகர்கள் கீழே கருத்து எழுதியதாகவும் காட்டப்பட்டது, இரண்டுமே புனைவு. பொருள் லீட்கிளிக்குடையதும் அல்ல, பக்கங்களை எழுதியதும் அந்நிறுவனம் அல்ல. ஆனாலும் அஃபிலியேட் வலையமைப்பை நடத்திய அந்நிறுவனம் நடப்பதை அறிந்திருந்தது என்பதாலும், அதில் அதற்குப் பங்கு இருந்தது என்பதாலும், 1 கோடியே 19 லட்சம் டாலரைத் திருப்பிக் கட்டும் பொறுப்பை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016இல் உறுதி செய்தது. இப்போது பல நிறுவனங்கள் அஃபிலியேட் எழுதும் பக்கங்களைக் கண்காணிப்பதற்கு இத்தகைய தீர்ப்புகளும் ஒரு காரணம்.

நொய்யல்:

விற்பவர் தரப்பிலிருந்து ஒரு மறுப்பு. கணக்குப்பதிவு மென்பொருளுக்கான பயிற்சி வகுப்பு ஒன்றை அஃபிலியேட்டுகள் வழியாகவும் விற்று வருகிறேன். என் பக்கத்தைத் தாண்டி நேரே பணம் கட்டும் பக்கத்துக்கு ஆட்களை அனுப்புவதை நான் அனுமதிப்பதில்லை. வகுப்பில் என்ன இல்லை, எத்தனை நாளுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்பவை என் பக்கத்தில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. ஓர் அஃபிலியேட் தம் சொந்தப் பக்கத்தில், படித்து முடித்தவுடன் வேலை உறுதி என்று எழுதிவிட்டார். நான் ஒருபோதும் சொல்லாத வாக்குறுதி அது. அதை நம்பிச் சேர்ந்தவர்கள் என்னிடம்தான் வந்து நியாயம் கேட்டார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவருடைய கமிஷனும் அதோடு ரத்தாயிற்று. ஆகவே நிறுவனம் சொல்லாத எதையும் அதன் சார்பில் சொல்லாதீர்கள். பக்கத்தை வெளியிடுவதற்குமுன் ஒருமுறை எங்களைப் போன்ற விற்பவர்களுக்கு அனுப்பிக் காட்டுங்கள். தவிரவும், சில திட்டங்களில் விற்பனைப் பக்கம் திறக்கும்போதுதான், வாங்குபவர் யாருடைய லிங்க் வழியாக வந்தார் என்பதைக் குறித்துவைக்கும் குக்கீ பதிவாகும். அதைத் தாண்டிச் சென்றால் விற்பனை உங்கள் கணக்கில் ஏறாமலே போகலாம்.

காவிரிக்கரை:

மூவருக்கும் மிக்க நன்றி. பொத்தானை நிறுவனத்தின் பக்கத்துக்கே இணைத்துவிட்டு, விலைக் கணக்கையும் நானே வாங்கிப் பார்த்த அனுபவத்தையும் புதிதாக எழுதுகிறேன். இன்னும் ஒரு சந்தேகம்: நிறுவனத்தின் பெயரைச் சேர்த்து டொமைன் ஒன்றை வாங்கி, கூகுளில் விளம்பரம் கொடுத்து அந்தப் பக்கத்துக்கு ஆட்களை வரவழைக்கலாமா?

பொதிகை:

வேண்டாம். நிறுவனத்தின் பெயர் அவர்களுடைய வணிகச் சின்னம். அதைச் சேர்த்த டொமைனை 1999 முதல் நடைமுறையில் உள்ள டொமைன் தகராறு விதிகளின்படி அவர்கள் கேட்டு வாங்கிவிட முடியும். அந்தப் பெயரைத் தேடுவோருக்குக் கூகுளில் விளம்பரம் காட்டுவதையும் பல அஃபிலியேட் திட்டங்கள் தடை செய்திருக்கின்றன, ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வேறு இடத்துக்கு அனுப்பிவைப்பதற்கென்றே அமைந்த பக்கங்களைக் கூகுள் விளம்பரங்களில் ஏற்பதுமில்லை. உங்கள் பழைய கட்டுரைகளுக்கு ஏற்கெனவே வாசகர்கள் வருகிறார்கள். அங்கிருந்தே புதிய பக்கத்துக்கு வழி கொடுங்கள். இது கட்டண லிங்க் என்று கூகுளுக்குத் தெரிவிக்க, லிங்கின் HTML குறியீட்டில் ‘ஸ்பான்சர்டு’ (rel="sponsored") என்ற ரெல் குறிப்பைச் சேர்க்கவும். 2019 முதல் கூகுள் கட்டண லிங்குகளுக்கு அதைப் பரிந்துரைக்கிறது. விலை அட்டவணைக்கு மேலே, சரிபார்த்த தேதியை எழுதி வையுங்கள். பண்டிகைச் சலுகைகளின்போது ஹோஸ்டிங் விலைகள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், தீபாவளிக்கு முன்னும் பின்னும் கட்டாயம் ஒருமுறை திறந்து பாருங்கள்.